எழுபது வருஷம் என்று சொன்ன கடிதம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், 2023-ஆம் ஆண்டின் வாக்குத்தத்த அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளின் அட்டைகளை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன். இதை மட்டும் சுவரிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையில், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டு அடித்துப் புத்தாண்டு ஜெபம் முடிந்ததும், வந்திருப்பவர்கள் குடும்பம் குடும்பமாகப் பீடத்தருகே சென்று, ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் எழுதி, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்பது வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிமிடத்தின் படபடப்பை நான் விளக்க வேண்டியதில்லை. வரப்போகும் ஆண்டு முழுவதையும் ஆண்டவர் அந்தச் சிறிய அட்டையில் எழுதி நம் கையில் கொடுக்கிறார் என்றே சிறுவயது முதல் எண்ணி வந்திருக்கிறோம். அவ்வாண்டு என் கைக்கு வந்தது எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

அட்டையை எடுத்த ஆறாவது வாரத்தில், கால் வீக்கத்துக்காகப் பரிசோதனைக்குச் சென்ற என் கணவருக்கு, இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய முழுவதுமாகச் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்னார். அவருக்கு அப்போது வயது 46. மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதமே டயாலிசிஸ் தொடங்கியது. முதலில் கழுத்தில் குழாய் வைத்துச் செய்தார்கள். பிறகு இடது முன்கையில் சிரையையும் தமனியையும் இணைத்து ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், அவருடைய இரத்தம் முழுவதும் ஓர் இயந்திரத்தின் வழியாகச் சென்று திரும்புகிறது.

என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஏற்க இயலாது என்றார்கள். அத்தைக்கோ வயது கடந்துவிட்டது. ஆகவே, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறுவதற்கான மாநிலப் பட்டியலில் அவருடைய பெயரைப் பதிவு செய்தோம். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வாழ்க்கை உண்டு. தொலைபேசி இன்று இரவே அழைக்கலாம். பல ஆண்டுகள் அழைக்காமலும் இருக்கலாம். அது அழைக்க வேண்டுமானால் வேறொரு வீட்டில் யாரோ ஒருவர் இறந்திருக்க வேண்டும். அதற்காக எந்தச் சொற்களைக் கொண்டு ஜெபிப்பது என்று நான் பல இரவுகள் தவித்திருக்கிறேன். இன்றும், “ஆண்டவரே, நீர் அறிவீர்” என்பதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை.

தொடக்க மாதங்களில் அந்த அட்டையை நான் எப்படி வாசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்ற சொற்களுக்கு என் மனத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: மாற்றுச் சிறுநீரகம். நான் எதிர்பார்ப்பதைக் கொடுப்பேன் என்று கர்த்தரே எழுத்தில் தந்திருக்கிறார், ஆகவே அது இந்த ஆண்டுக்குள் நடந்தாக வேண்டும் என்று எண்ணினேன். ஜெபத்துக்காக வீட்டுக்கு வந்த ஒருவர், கண்ணை மூடி நெடுநேரம் ஜெபித்துவிட்டு, இன்னும் மூன்று மாதத்துக்குள் விடுதலை வரும் என்று கர்த்தர் தமக்கு உணர்த்தியதாகச் சொன்னார். நான் உரத்த குரலில் ஆமென் என்றேன். நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்தும் வைத்தேன். மூன்று மாதம் கடந்த அன்று செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். அந்த இரவில் எனக்கு நேர்ந்ததை அவிசுவாசம் என்று சொல்ல மாட்டேன். அதைவிடக் கொடியது அது. வேதாகமத்தைத் திறக்கவே பயமாக இருந்தது. இன்னொரு வசனத்தையும் நம்பி ஏமாந்துவிடுவேனோ என்ற பயம்.

எங்கள் சபைப் போதகரான ஐயர் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தபோது சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல், அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது என்றும், கடிதம் முழுவதையும், அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேவாலயத்தில் வளர்ந்த நான், எரேமியாவின் 52 அதிகாரங்களை ஒருமுறையேனும் தொடர்ச்சியாக வாசித்ததில்லை. காத்திருப்போர் கூடத்தில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். இரவில் குடும்ப ஜெபத்தில், பகலில் வாசித்ததை என் கணவருக்கும் மகளுக்கும் அத்தைக்கும் மறுபடியும் சத்தமாக வாசிப்பேன்.

28-ஆம் அதிகாரத்தை முதன்முதலாக வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கிபியோன் ஊரானாகிய அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆலயத்தில் ஆசாரியர்களுக்கும் சகல ஜனங்களுக்கும் முன்பாக எழுந்து நின்று, பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார், இரண்டு வருஷ காலத்துக்குள் ஆலயத்தின் பணிமுட்டுகளும் சிறைப்பட்டுப்போன ராஜாவும் ஜனங்களும் திரும்பி வருவார்கள் என்று அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்தில் அப்போது ஒரு நுகம் இருக்கிறது. பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருங்கள் என்ற செய்தியின் அடையாளமாக அவர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார். அதற்கு எரேமியா சொல்லும் முதல் வார்த்தை என்னை நிலைகுலையச் செய்தது. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.” எரேமியாவும் ஆமென் சொல்லியிருக்கிறார்! அந்த இரண்டு வருஷம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவரும் விரும்பியிருக்கிறார். நாள்காட்டியில் தேதியைக் குறித்த என்மேல் எனக்கிருந்த வெட்கம் அன்று பாதி குறைந்தது. நல்ல செய்தியை விரும்புவது பாவமல்ல. அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது, எரேமியா அவனோடு வாதாடாமல் தன் வழியே போய்விட்டார் என்றும் அந்த அதிகாரம் சொல்லுகிறது. கர்த்தருடைய வார்த்தை அவருக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது: உடைந்தது மரநுகம், வரப்போவது இருப்புநுகம்.

இதற்கு அடுத்துத்தான் அந்தக் கடிதம் இருக்கிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, எகொனியா ராஜாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும்கூட விட்டுவைக்காமல் பாபிலோனுக்குக் கொண்டுபோயிருந்தான். ஆலயம் இன்னும் இடிக்கப்படவில்லை. ஆகவே சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கை அங்கே இருந்தவர்களுக்குள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதுகிறார்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பெண்களை விவாகம்பண்ணுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் விவாகம் செய்துவையுங்கள், குறுகிப்போகாமல் அங்கே பெருகுங்கள். அதன் பிறகு, என் அட்டையிலிருந்த வசனத்துக்கு நேர் முந்தின வசனம்: “பாபிலோனிலே எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு நான் உங்களைச் சந்தித்து…”

எழுபது வருஷம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர்கூடத் தன் ஊரைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. என் சுவரில் மூன்று மாதத்துக்கு உறுதிமொழியாக நான் ஒட்டி வைத்திருந்த வசனம், “உங்கள் வாழ்நாளில் அல்ல” என்று சொல்லும் ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. அதை எழுதியதற்காக எரேமியாவுக்கு நன்றி கிடைக்கவுமில்லை. சிறையிருப்பு நெடுங்காலம் செல்லும் என்று எழுதியிருக்கிறானே, இவனை ஏன் இன்னும் கண்டிக்கவில்லை என்று, நெகெலாமியனான செமாயா பாபிலோனிலிருந்து எருசலேமின் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் எழுதினான். அதுவும் அதே அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. செமாயாவின் கோபம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனால் எனக்குள் நடந்தது நான் எதிர்பாராதது. கடிதம் முழுவதையும் வாசித்து முடித்தபோது அந்த வசனம் என் கையைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அதன் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். நாம் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. அதில் “எதிர்பார்த்திருக்கும் முடிவு” என்று இருக்கும் இடத்தில், 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஏறக்குறைய அதே போக்கில்தான் செல்லுகிறது. எபிரெய மூலத்திலோ இரண்டு பெயர்ச்சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: ‘அகரீத்’, ‘திக்வா’. பிற்காலமும் நம்பிக்கையும் என்பது அவற்றின் பொருள். பிந்தைய தமிழ் மொழிபெயர்ப்புகள் இதை “எதிர்காலம், நம்பிக்கை” என்ற வழியில் சொல்லுகின்றன. நான் எதிர்பார்ப்பதைக் கொடுப்பேன் என்பதும், எனக்கு ஒரு பிற்காலம் உண்டு என்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு விளங்கியது. பழைய மொழிபெயர்ப்பை நான் குறை சொல்லவில்லை. அதன் நடையில்தான் எனக்கு ஜெபிக்கவே தெரியும். ஒரு சொற்றொடரை மட்டும் தனியே பிய்த்து வைத்துக்கொண்டு, அதற்கு என் ஆசையைப் பொருளாக ஊற்றியவள் நான்தான்.

அதே பழைய மொழிபெயர்ப்பு எனக்கு வேறொன்றைக் கொடுத்தது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வசனத்தை இன்று எல்லோரும் “தேவனுடைய திட்டம்” என்றே பிரசங்கிக்கிறோம். நம் பழைய வேதாகமத்தில் அந்த இடத்தில் திட்டம் என்ற சொல்லே இல்லை. “நினைத்திருக்கிற நினைவுகள்” என்றிருக்கிறது. எபிரெயத்திலும் நினைத்தல் என்ற அதே வேர்ச்சொல்தான் இருமுறை வருகிறது. திட்டம் என்றால் நான் பார்க்க ஆசைப்படும் ஒரு வரைபடம். எந்த மாதத்தில் எது நடக்கும், எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு என்று அறிந்துகொள்ளத் துடிக்கிறேன். நினைவு என்றால், தூரத்திலிருக்கும் பிள்ளையைத் தாய் நினைத்திருப்பது. கர்த்தர் அந்தச் சிறைப்பட்டவர்களிடம், நான் நினைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள் என்று சொல்லவில்லை. நான் அறிவேன் என்கிறார். வரைபடம் அவரிடமே இருக்கிறது. நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது, நாம் நினைக்கப்படுகிறோம் என்ற செய்தி. அடுத்த மாதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்திக்கு இது போதுமா என்று கேட்டால், பல நாட்கள் போதும், சில நாட்கள் போதாது என்பதே என் உண்மையான பதில். போதாத நாட்களில் எரேமியாவின் 15-ஆம் அதிகாரத்துக்குப் போகிறேன். அங்கே அவர், என் காயம் ஏன் ஆறவில்லை, நீர் எனக்கு வற்றிப்போகிற தண்ணீரைப்போல இருப்பீரோ என்று கர்த்தரிடமே கேட்கிறார். இந்தக் கேள்வியையும் பரிசுத்த வேதாகமம் தனக்குள் வைத்திருக்கிறது.

தண்ணீர் என்ற சொல் எங்கள் வீட்டில் இப்போது சாதாரணச் சொல் அல்ல. என் கணவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி. மாத்திரை விழுங்குவது, மோர், சாப்பாட்டில் ஊற்றும் ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். டயாலிசிஸ் இயந்திரமோ நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீரைச் செலவழிக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர், அவ்வளவு நீரின் அருகில் படுத்துக்கொண்டு, உதட்டை நனைக்க ஒரு துண்டு ஐஸ் கேட்கிறார். எரேமியாவின் கடைசி அதிகாரத்தின் கடைசி வசனங்களை நான் வாசித்த இரவில், அவர் கையில் அன்றைய கடைசி அரை தம்ளர் இருந்தது. சிறைப்பட்ட முப்பத்தேழாம் வருஷத்தில் அந்த எகொனியா ராஜா காவலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, சாகும் நாள் மட்டும் தினந்தோறும் அவனுக்கு உணவு அளக்கப்பட்டது என்று அந்தப் புஸ்தகம் முடிகிறது. பாபிலோனில் தோண்டியெடுத்து 1939-இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவுக்கும் அவன் குமாரர் ஐவருக்கும் இவ்வளவு எண்ணெய் என்று அளந்து கொடுத்த கணக்கு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அவன் ஊர் திரும்பவில்லை. ஆனாலும் ஒரு நாளுக்கு ஒரு படி என்று அவனுக்குக் கொடுக்கப்பட்டது. என் கணவர் தம்ளரைப் பார்த்தபடி, “படியளக்கிறவர் இருக்கிறார்” என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் பஞ்ச காலத்துப் பெரியவர்கள் சொல்லும் அதே பேச்சு.

கடிதம் எங்கள் நடைமுறையையும் மாற்றியது. அதுவரை எங்கள் வீட்டை ஆண்டுகொண்டிருந்தது ஒரு வாக்கியம்: “கிட்னி கிடைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” மகளின் மேற்படிப்பு, ஒழுகும் பின்கட்டுக் கூரை, அத்தையின் கண் அறுவை சிகிச்சை, தங்கை வீட்டு விசேஷம் எல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றன. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்பது அந்த வாக்கியத்துக்கு நேர் எதிராக எழுதப்பட்டது. கூரையைச் சரிசெய்தோம். அத்தைக்குக் கண் பார்வை தெளிந்தது. மகள் தான் விரும்பிய பாடப்பிரிவில் சேர்ந்தாள். டயாலிசிஸ் இல்லாத ஒரு திங்கட்கிழமை, என் கணவர் வலது கையால் குழி தோண்டி, பின்கட்டில் ஓர் ஒட்டு மாங்கன்றை நட்டார். காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும் என்று நாற்றங்காலில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அதைக் கேட்டும் வாங்கி வந்தார் என்பதில்தான், எங்கள் விசுவாசத்தின் முதல் அடி இருந்தது என்று நான் எண்ணுகிறேன்.

கடிதத்தின் 7-ஆம் வசனம் இன்னும் கடினமானது. “நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணுங்கள்; அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்.” எங்களுக்குப் பாபிலோன் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எட்டுக் கட்டில்களும் எட்டு இயந்திரங்களும் உள்ள அந்த அறையையும், அதற்கு வெளியே இருக்கும் காத்திருப்போர் கூடத்தையும் நான் வெறுத்தேன். அங்கே யாரோடும் பேசாமல், ஒரு நாள் இங்கிருந்து போய்விடுவோம் என்ற எண்ணத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த வசனத்துக்குப் பிறகு எட்டுப் பேரின் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர்களில் மூவர் கிறிஸ்தவர்கள், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர்கள் இந்துக்கள். ஒருவருக்காக ஜெபிக்கத் தொடங்கினால் அவருடைய வீட்டு நிலவரத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. தென்காசிப் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வரும் ஓர் அக்காவுக்கு நான் காலைச் சாப்பாடு கொண்டுபோகிறேன். அவர் எங்களுக்கு ரத்தப் பரிசோதனை வரிசையில் இடம் பிடித்து வைக்கிறார். ஒரு நாள் நீர் சுத்திகரிக்கும் அமைப்பு பழுதாகி எட்டு இயந்திரங்களும் நின்றபோது, அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானம் என்பது எவ்வளவு நேரடியான உண்மை என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ய வந்த இளைஞருக்காக அந்தக் கூடத்தில் எல்லோரும் அவரவர் முறையில் வேண்டிக்கொண்டிருந்தோம்.

இங்கே தமிழ் வேதாகமத்தை வாசிப்பவர்களுக்குக் கிடைக்கும் ஓர் உதவியைச் சொல்ல வேண்டும். நம் வேதாகமத்தில் கர்த்தர் ஒருவரோடு பேசும்போது ‘நீ’ என்றே பேசுகிறார். ஆபிரகாமிடமும் மோசேயிடமும் அப்படித்தான். ஆகவே என் அட்டையிலிருந்த ‘நீங்கள்’, ‘உங்கள்பேரில்’ என்பவை மரியாதைக்காக வந்தவை அல்ல. பாபிலோனில் இருந்த அத்தனை பேரையும் ஒருசேரக் குறிக்கும் பன்மை. அந்தப் பன்மை எத்தனையோ தடவை என் கண்ணில் பட்டும் நான் அதைக் கவனிக்கவில்லை, எனக்கே எழுதப்பட்டதாக எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த வசனத்தை வாசிக்கும்போது எட்டுக் கட்டில்கள் நினைவுக்கு வருகின்றன. அவர்களில் இருவர் இப்போது இல்லை. அவர்களுடைய கட்டில்களில் வேறு இருவர் படுத்திருக்கிறார்கள்.

‘திக்வா’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. யோசுவாவின் புஸ்தகத்தில், எரிகோவின் அலங்கத்தில் குடியிருந்த ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூற்கயிற்றைக் குறிக்கவும் இதே சொல்தான் வருகிறது. நம்பிக்கைக்கும் கயிற்றுக்கும் எபிரெயத்தில் ஒரே சொல். எரேமியாவை எழுதிய கை அந்தக் கயிற்றை எண்ணி எழுதியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இயந்திரத்தை இணைத்த பிறகு ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள்; அவர் கையிலிருந்து புறப்பட்டு அந்த இயந்திரத்துக்குச் சென்று திரும்பி வரும் இரண்டு சிவப்புக் குழாய்களைப் பார்க்கும்போது எனக்கு ராகாபின் ஜன்னல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. முன்பு அந்தக் குழாய்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எரேமியா தான் எழுதியதைத் தானே செய்தாரா என்ற கேள்வி எனக்கு இருந்தது. 32-ஆம் அதிகாரம் அதற்குப் பதில் சொல்லுகிறது. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய பெரியதகப்பன் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். பகைவரின் சேனை சூழ்ந்து நிற்கும் நாட்டில் நிலம் வாங்குபவர் யார்? எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். எங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடப்பதுபோல ஒவ்வொரு படியும் விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பத்திரம் முடிந்த பின்பு வருகிறது. கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு அவர் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தின் முடிவில், பட்டணம் பகைவர் கையில் போகிற நேரத்தில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று கர்த்தரிடம் திகைப்போடு சொல்லுகிறார். புரிந்த பிறகு கீழ்ப்படியவில்லை அவர். கீழ்ப்படிந்துவிட்டு, புரியவில்லை என்று சொன்னார். நம்பிக்கை என்றால் உள்ளத்தில் கலக்கமே இல்லாத நிலை என்று எண்ணி, அது எனக்கு வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்த எனக்கு, இந்த வரிசை பெரிய விடுதலையாக இருந்தது.

அந்த நிலத்தை அவர் அனுபவித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. எருசலேம் விழுந்த பிறகு, எகிப்துக்கு ஓடியவர்கள் அவரையும் தங்களோடு கொண்டுபோனார்கள். எழுபது வருஷத்தைப் பற்றிய அவருடைய எழுத்தை, கிழவராகிவிட்ட தானியேல் பாபிலோனில் இருந்துகொண்டு வாசித்தார் என்று தானியேல் 9-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. வாசித்தவர், காலம் நெருங்கிவிட்டது என்று கணக்குப் போட்டு மகிழ்ந்து உட்கார்ந்துவிடவில்லை. உபவாசித்து, இரட்டிலும் சாம்பலிலும் அமர்ந்து ஜெபித்தார். கி.மு. 539-இல் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். யூதர் ஊர் திரும்ப உத்தரவும் பிறந்தது. தானியேல் திரும்பிப் போனதாக வேதாகமம் சொல்லவில்லை.

எரேமியாவையும் புலம்பலையும் முடித்து, தானியேலையும் முடித்து, சென்ற வாரம் எஸ்றாவுக்கு வந்தோம். இரண்டாம் அதிகாரம் முழுவதும், பாபிலோனிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல். பாரோஷின் புத்திரர் இத்தனை பேர், செபத்தியாவின் புத்திரர் இத்தனை பேர் என்று போகும். எங்கள் குடும்ப ஜெபத்தில் இப்படிப்பட்ட அதிகாரங்களைத் தாண்டிவிடுவது என் அப்பா காலத்திலிருந்தே வழக்கம். திங்கள் இரவு மகள் வாசித்தாள். தாண்டிவிடட்டுமா என்று கேட்டாள். முழுவதையும் வாசிக்கட்டும் என்று என் கணவர் சொன்னார். அவள் அலுப்போடுதான் வாசித்தாள். 23-ஆம் வசனத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். ஆனதோத்தின் மனிதர் நூற்றிருபத்தெட்டுப்பேர்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அத்தைதான், “எரேமியா நிலம் வாங்கின ஊருல்லா” என்றார்கள். ஒருவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மகள் பென்சிலை எடுத்து அந்த எண்ணின் கீழே கோடிட்டு, ஓரத்தில் 32-ஆம் அதிகாரத்தின் எண்ணைக் குறித்தாள். மீதமிருந்த பெயர்களை அவள் மெதுவாக, ஒவ்வொன்றாக வாசித்து முடித்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பதால், விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டு விளக்கை அணைத்தோம்.